புண்ணுக்குச் சொந்தக்காரர் யார்?

நீ பஸ் ஏறிப் போய் மூன்று நாளாகிறது. மாட்டாஸ்பத்திரி வேலையில் சேர்ந்துவிட்டதாக உன் கார்டு இன்று காலை வந்தது. தங்கியிருக்கும் அறை, சாப்பாட்டுக் கடை, பம்பில் வரும் உப்புத் தண்ணீர், உன்னை "டாக்டர் சார்" என்று கூப்பிடும் கிழவர் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாய். பஸ் ஸ்டாண்டில் நீ சொல்லிவிட்டுப் போன வார்த்தையைப் பற்றி ஒன்றும் இல்லை. நீ மறந்திருப்பாய். கோபம் ஆறட்டும் என்று மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். துணி துவைத்தேன், பரணை ஒழித்தேன், நூலகத்திலிருந்து எடுத்து வந்த நாவலை எழுபது பக்கம் படித்தேன். ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இதன் ஒரு பிரதியை உனக்குத் தபாலில் போடுகிறேன். இன்னொன்றைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அவர்கள் போட்டால் போடட்டும். பக்கத்து வீட்டில் சர்க்கரை கடன் கேட்கக்கூட உன்னை அனுப்பிய அம்மா, ஊர் முழுக்கப் படிக்கும்படி எழுதுகிறாளே என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும். எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லப்போவதில் நீ மட்டும் இல்லை, ஊரும் இருக்கிறது. உனக்குத் தனியாகச் சொன்னால் "சரிம்மா" என்று சொல்லி முடித்துவிடுவாய். உன் "சரிம்மா"வை இருபத்தொரு வருஷமாகக் கேட்டு வருகிறேன்.

அன்று நடந்தது இதுதான். உன் டிரங்குப் பெட்டியைக் கிளீனர் பஸ் மேலே ஏற்றிக்கொண்டிருந்தான். பழக்கடைகளுக்குப் பின்னால், அழுகிய தோல் கொட்டும் இடத்தில் ஒரு மட்டக்குதிரை நின்றது. பழுப்பு நிறம். இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் இல்லை, ஈ மொய்த்திருந்தது. நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்து, "அங்க பாரேன்" என்றேன். நீ பார்த்தாய். பார்த்துவிட்டு, "சேணப் புண்ணும்மா. தீபத்துக்கு ஓட்டியிருப்பாங்க" என்றாய். சரியாகத்தான் சொன்னாய். "ஏதாவது பண்ணக்கூடாதா?" என்று கேட்டேன். "ஓனர் யாருன்னே தெரியாது. ஓனர் இல்லாத அனிமலை நாங்க தொட முடியாதும்மா. தொட்டா அப்புறம் எல்லாத்துக்கும் நாமதான் பொறுப்புன்னு ஆயிடும். நீ வெயில்ல நிக்காத, வீட்டுக்குப் போ" என்று சொல்லி ஏறிவிட்டாய். அதட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னாய். அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. உன் மூஞ்சியில் ஒரு சின்ன எரிச்சலாவது இருந்திருந்தால், உனக்கே அது பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பியிருப்பேன்.

அந்தக் குதிரையின் தோளைப் பார்த்தாய். நெற்றியைப் பார்க்கவில்லை. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள். நாம் வேங்கிக்கால் ஏரிப் பக்கம் கடைசித் தெருவுக்குக் குடிவந்தபோது திருவண்ணாமலையில் ஆட்டோ அதிகம் கிடையாது. ரயிலடியிலிருந்து கோயிலுக்கு ஜட்காதான். பிறகு ஆட்டோ வர வர ஜட்காவில் ஏற ஆள் குறைந்தது. குதிரையைக் கட்டிப்போட்டால் கொள்ளும் புல்லும் போட்டாக வேண்டும். அவிழ்த்துவிட்டால் ஏரிக்குள் தானாக மேயும். ஜட்காக்காரர்கள் ஒவ்வொருவராக அவிழ்த்துவிட்டார்கள். முதலில் பொழுது சாய வந்து பிடித்துப் போனார்கள். பிறகு வாரத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு அதுவும் இல்லை. குதிரைகள் கூட்டமாகச் சேர்ந்து, கோடையில் ஏரித் தரையிலும் மழையில் மலையடிவாரப் புதர்களிலும் இருந்தன. கயிறு என்றால் என்னவென்று தெரியாத குட்டிகள் அங்கேயே பிறந்தன. மனிதர் கிட்டே போனால் காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு உதைக்கத் திரும்பும் குட்டிகள். நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பையை ஜன்னல் வழியாக வீசிவிட்டு அங்கேதான் போவாய். உன் அப்பா பஸ் கம்பெனியில் டைம் கீப்பர். "ஒன் புள்ளைக்கு எந்த பஸ் எத்தினி மணிக்குன்னு தெரியாது. எந்தக் குதிரை எங்க சாணி போட்டுதுன்னு தெரியும்" என்பார்.

கார்த்திகை தீபம் வந்தால் மட்டும் எல்லாம் மாறும். வெளியூர்ச் சனம் வந்து இறங்கும், ஆட்டோ போதாது. அப்போது எங்கிருந்தோ கயிறும் கடிவாளமும் எடுத்துக்கொண்டு எல்லாரும் ஏரிக்கு வருவார்கள். ஒரே குதிரையை இரண்டு பேர் என்னுது என்னுது என்று இழுத்ததை நாம் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறோம். வருஷம் முழுவதும் சேணம் படாத முதுகில் திடீரென்று பழைய இறுகிய வாரைக் கட்டி, ஆறு பேரை ஏற்றி, பத்து நாள் ஓட்டுவார்கள். திருவிழா முடிந்ததும் ஏரிக்கரையில் கொண்டுவந்து கயிற்றை உருவி முதுகில் ஒரு தட்டு. வார் உரசிய இடத்தில் தோல் போயிருக்கும். அடுத்த நாள் போய்க் கேட்டால் யாருக்கும் அது தன் குதிரை இல்லை. வண்டி இழுக்க இரண்டு சொந்தக்காரர் இருந்த குதிரைக்குப் புண் வந்தால் ஒருவர்கூட இல்லை. ஒவ்வொரு வருஷமும் இதே கதைதான்.

உனக்கு அந்தக் குதிரைகள் எல்லாவற்றையும் தெரியும். எப்படித் தெரியும் என்பதுதான் எனக்கு அப்போது வியப்பு. நிறத்தை நம்ப முடியாது. சேற்றில் புரண்டால் எல்லாம் ஒரே நிறம். தீபத்துக்கு வெள்ளைக் குதிரைக்கு மருதாணி பூசிச் சிவப்பாக்கிவிடுவார்கள். நீ சுழியைப் பார்த்தாய். குதிரையின் உடம்பில் மயிர் வட்டமாகச் சுழன்று நிற்கும் இடம். இந்தப் பக்கம் குதிரை வாங்குகிறவர்கள் முதலில் சுழிதான் பார்ப்பார்கள், இங்கே இருந்தால் வீட்டுக்கு ஆகும், அங்கே இருந்தால் குடி கெடும் என்று. உனக்கு அந்தக் கணக்கில் அக்கறை இல்லை. "ஒரு குதிரைக்கு இருக்கிற மாதிரி இன்னொண்ணுக்கு இல்லம்மா. நம்ம கை ரேகை மாதிரி" என்றாய். எனக்கு அதைக் கேட்டு ஒரு பெருமை. நூலகத்தில் குதிரை பற்றி என்ன இருக்கிறது என்று தேடினேன். யுத்தத்துக்குப் போன குதிரைகள் இருந்தன, யாகத்துக்கு விட்ட குதிரைகள் இருந்தன. தோளில் புண்ணோடு குப்பை மேட்டில் நிற்கும் குதிரை எந்தப் புத்தகத்திலும் இல்லை.

உனக்கு ரொம்பப் பிடித்தது அந்தப் பழுப்புப் பெண் குதிரை. நெற்றியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சுழி. ஊரில் அதற்கு ரெட்டைச்சுழி என்றே பெயர். நீ மட்டும் மைனா என்று கூப்பிடுவாய். அது ஏழுமலையின் குதிரை. ஏழுமலை ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர். இரட்டைச் சுழி ஆகாது என்று அதை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. லாடம் அடிக்கும் பஷீர் பாய் அவரைக் கிண்டல் செய்வார். "நெத்தியில ரெட்டைச்சுழி இருந்தா வூட்ல ரெண்டு பொண்டாட்டின்னு அர்த்தம். ஏழுமல ஒண்ணயே சமாளிக்க முடியாம வண்டியிலயே படுத்துக்கிறான்." ஏழுமலையும் சேர்ந்து சிரிப்பார். கெட்டவர் என்று அவரை நான் எப்போதும் நினைத்ததில்லை, இப்போதும் நினைக்கவில்லை. அவர் மட்டும் கெட்டவராக இருந்திருந்தால் விஷயம் சுலபமாக முடிந்திருக்கும்.

ஒரு குதிரைக்குட்டி லாரியில் அடிபட்டு வேலூர் ரோட்டில் காலையிலிருந்து மாலை வரை உயிரோடு கிடந்ததே, அதற்குப் பிறகுதான் ஊரில் கூட்டம் போட்டார்கள். ஜவுளிக்கடை மாடியில், ஜமக்காளம் விரித்து. குதிரைகளுக்கு ஏதாவது அடையாளம் வேண்டும் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். நீ என்னைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனாய். அத்தனை ஆண்களுக்கு நடுவே நான் வாயைத் திறந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஆளுக்கு ஒரு குறி இருக்க வேண்டும், குறியைப் பார்த்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரிய வேண்டும் என்றேன். ஏழுமலை எழுந்தார். "ஆளுக்கு ஒரு குறின்னா, நாளைக்கு அது எவன் வேர்க்கடலையில பூந்தாலும் எங்கள இல்ல புடிப்பாங்க?" "அதுக்குத்தாங்க குறி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஜவுளிக்கடைக்காரர் கையைத் தூக்கி, "தங்கச்சி சொல்றதும் நியாயந்தான். மொதல்ல எல்லாத்துக்கும் பொதுவா ஒரே குறி போட்டுடுவோம். அப்புறம் தனித்தனியா பாத்துக்கலாம். காபி ஆறுது பாருங்க" என்றார். எல்லாவற்றுக்கும் ஒரே குறி என்றால் அது எதை அடையாளம் காட்டும் என்று நான் கேட்டேன். அதற்குள் டம்ளர்கள் வந்துவிட்டன. அவர் சொன்ன அந்த "அப்புறம்" இன்றுவரை வரவில்லை.

குறி எப்படி இருக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது, வெறும் நம்பர் வேண்டாம், மங்களகரமாக இருக்கட்டும் என்றார்கள். மலையும் மேலே தீபமும். முக்கோணத்தின் உச்சியில் ஒரு சின்னக் கோடு. பஷீர் பாய்தான் கம்பியை வளைத்துச் செய்தார். வலது தொடையில் சூடு போட்டார்கள். பிடிபட்டதற்கெல்லாம் போட்டார்கள், மைனாவுக்கும் போட்டார்கள். நீ அதன் தலையைக் கட்டிக்கொண்டு நின்றாய். மயிர் கருகிய நாற்றம் உன் சட்டையில் இரண்டு துவைப்புக்கும் போகவில்லை.

பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. சூலக் குறி போட்ட மாடு சாமிக்கு நேர்ந்துவிட்ட மாடு என்று இந்தப் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். இந்த ஊரில், மலையையும் தீபத்தையும் ஒரு குதிரையின் தொடையில் சூடு போட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மாடியில் இருந்த அத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஒரு மாதத்துக்குள் அவை சாமி குதிரைகளாகிவிட்டன. மலை சுற்ற வந்தவர்கள் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள், கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். சர்க்கரைப் பொங்கலும் வாழைப்பழமும் கூடை கூடையாகப் போட்டார்கள். புல் தின்னும் வயிறு அது. உப்புசம் வந்து தரையில் உருண்டன. இரண்டு குதிரைகள் செத்தன. செத்ததற்கு மாலை போட்டு, கற்பூரம் ஏற்றி, மேளம் வைத்துப் புதைத்தார்கள். உயிரோடு உருண்டபோது ஒரு வேளை மருந்து ஊற்ற ஆள் வரவில்லை.

முன்பு புண் வந்தால் "என்னுது இல்ல" என்றாவது பொய் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது பொய்யே தேவைப்படவில்லை. "சாமி குதிரை, நாம தொடலாமா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சரி, சாமி குதிரையை வண்டியிலும் பூட்ட மாட்டார்கள் அல்லவா, அந்த மட்டில் லாபம் என்று நான் நினைத்தேன். அடுத்த தீபத்துக்கு வழக்கம்போல எல்லாக் குதிரைகளும் வண்டியில் இருந்தன. வலது தொடையின் மேல் ஒரு சாக்குத் துண்டு போட்டுக் குறியை மூடியிருந்தார்கள், அவ்வளவுதான். பஷீர் பாய் ரயிலடியில் நின்றுகொண்டு, "சாக்கு போட்டா சாமி தூங்கிடுவாரு போல. நல்ல சாமி, ரொம்ப அட்ஜஸ் பண்றாரு" என்றார். நீ சிரிக்கவில்லை. உனக்கு அப்போது பதினாலு வயது. மைனா இழுத்த வண்டிக்குப் பின்னால் கோயில் வரைக்கும் ஓடினாய்.

திருவிழா முடிந்த நாலாம் நாள் மைனா நம் வீட்டுப் பின்னால் வந்து நின்றது. தோளில் குழி. புழு வைத்துவிட்டது. நாம் இருவரும் முதலில் ஏழுமலை வீட்டுக்குப் போனோம். அவர் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். கூட வந்து மாட்டாஸ்பத்திரியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கேட்டேன்.

"அய்ய, இன்னாமா நீங்க. அது சாமி குதிர. என்னுதுன்னு நான் எப்டி சொல்றது?"

"தீபத்தன்னிக்கு நீங்கதான ஓட்னீங்க! நான் பின்னாலயே வந்தேன்!" என்று நீ கத்தினாய்.

"பாத்த இல்ல? அப்போ நீயே வெச்சிக்க தம்பி. படிக்கிற புள்ள, நல்லா பாத்துக்குவ."

உள்ளே இருந்து அவர் மனைவி சிரித்தது கேட்டது. உன் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

மாட்டாஸ்பத்திரியில் அப்போது இருந்த டாக்டர் நல்ல மனிதர், ரொம்பக் களைத்த மனிதர். வரிசையில் பசு, எருமை, ஆடு, அவற்றின் சொந்தக்காரர்கள் என்று வாசல் நிறைந்திருந்தது. தூரத்திலிருந்தே மைனாவின் தொடையைப் பார்த்துவிட்டு, "கோயில் குதிரையா? யாருதும்மா?" என்றார். யாரும் தன்னுது என்று ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். "ஓனர் யாராவது நிக்கணும்மா. மருந்து குடுத்து நாளைக்கு அது செத்துப்போனா, சாமி குதிரைய டாக்டர் கொன்னுட்டார்னு ஊரே வந்து நிக்கும். நான் குடும்பம் குட்டியோட இருக்கிறவன்" என்றார். நீ மைனாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாய். எருமைக்காரர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். உனக்குத் தெரியும், நாலு பேர் திரும்பிப் பார்த்தால் நான் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு நடக்கிறவள். அன்று என்னையும் அறியாமல் சத்தமாகவே சொன்னேன். "என்னுதுங்க."

"உங்களுதா?" என்றார் டாக்டர். "என்னுதுதான். செத்துப்போனா நான் வந்து உங்களக் கேக்க மாட்டேன். பாருங்க." அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, புழுவுக்கு ஊற்றும் டர்பன்டைன் பாட்டிலை எடுத்தார்.

ராத்திரி உன் அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது விஷயத்தைச் சொன்னேன். பிசைந்த சோற்றோடு அப்படியே பார்த்தார். "ஒரு மிக்ஸி வாங்கலாமான்னு போன மாசம் கேட்ட. நான் யோசிக்கலாம்னேன். அதுக்காகக் குதிரை வாங்கிட்டியா?" என்றார். ஆனால் மறுநாள் டிப்போவிலிருந்து வரும்போது ஒரு கட்டுப் புல்லைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தார். உன் அப்பா இப்படித்தான் சம்மதம் சொல்வார். உனக்குப் பெண் பார்க்கிற காலத்தில், பேச்சில் சம்மதம் தேடாதே, இதைப் போலத் தேடு என்று சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். இப்போது வந்த இடத்தில் சொல்லிவிட்டேன்.

புண் ஆறியது. ஆனால் என் நிம்மதி போனது. ஊரில் எனக்குக் குதிரைக்காரம்மா என்று பெயர் வந்தது. எந்தக் குதிரைக்கு என்ன வந்தாலும் நம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். "உங்க குதிரை எங்க வைக்கோலத் தின்னுடுச்சு" என்று சண்டைக்கு வந்தார்கள். நான் படித்துக்கொண்டிருந்த புத்தகங்கள் பாதியில் நின்றன. நீ பஸ் ஸ்டாண்டில் சொன்னாயே, தொட்டால் எல்லாத்துக்கும் நாமதான் பொறுப்பு என்று ஆகிவிடும் என்று, அது உண்மைதான். அப்படித்தான் ஆகும். ஆகாது என்று உன்னிடம் நான் பொய் சொல்லப்போவதில்லை.

அடுத்த தீபத்துக்கு ஒரு வாரம் முன்பு ஏழுமலை கயிற்றோடு நம் வாசலுக்கு வந்தார். கூடவே சாட்சிக்கு இரண்டு பேர். "என் குதிரைமா. ரெட்டைச்சுழி ஊருக்கே தெரியும். இதோ நெத்தியப் பாருங்க" என்றார். போன வருஷம் சாமி குதிரை என்றீர்களே என்று கேட்டேன். "சாமிக்கும் குடுத்துதான் இருக்கிறேன், எனக்கும் அதுதான் சோறு" என்றார். சாட்சிக்கு வந்தவர்களும் தலையாட்டினார்கள். நீ எந்தச் சுழியை வைத்துக் குதிரையை இன்னார் என்று கண்டுபிடித்தாயோ, அதே சுழியைக் காட்டி அவர் கொண்டுபோனார். "அப்படின்னா பழைய வார மட்டுமாவது மாத்துங்க, உள்ள துணி வெச்சித் தைங்க" என்று பின்னாலேயே போய்ச் சொன்னேன். சரி சரி என்றார். திருவிழா முடிந்து மைனா அதே இடத்தில் அதே புண்ணோடு நம் வீட்டுப் பின்னால் வந்து நின்றது. நான் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போய் "என்னுதுங்க" என்றேன். அதற்கடுத்த வருஷமும். அவர் அதற்குப் பத்து நாள் சொந்தக்காரர், நான் அதன் புண்ணுக்குச் சொந்தக்காரி. வேலூர் கலெக்டருக்கு மூன்று மனு போட்டேன். ஆளுக்கு ஒரு குறி வேண்டும் என்று. ஒன்றுக்குப் பதில் வந்தது, முனிசிபாலிட்டியைக் கேட்கச் சொல்லி. முனிசிபாலிட்டியில், அதுதான் குறி போட்டாச்சே என்றார்கள்.

அதைப் பார்த்துத்தான் நீ மாட்டு டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று சொன்னாய் என்று நான் நம்பிக்கொண்டிருக்கிறேன். மெட்ராஸுக்கு உன்னை ரயிலேற்றியபோது என் மனசுக்குள் ஒரு நினைப்பு இருந்தது, இனிமேல் அந்த மேஜைக்கு அந்தப் பக்கமும் நம் ஆள் ஒருத்தன் இருப்பான் என்று. மைனாவுக்கு அந்த வருஷம் குட்டி பிறந்தது. முதல் லீவுக்கு வந்தபோது நீ அதன் நெற்றியைத் தடவி, "ஐயோ, அப்படியே அவங்கம்மா" என்றாய். அடுத்த லீவில் மைனா இல்லை. நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், நானும் விவரமாகச் சொல்லவில்லை. குட்டி நம் வீட்டுப் பின்னாலேயே வளர்ந்தது. சூடு போடும் உற்சாகம் ஊரில் அதற்குள் தீர்ந்துபோய்விட்டதால் அதன் மேல் குறி இல்லை. இந்தத் தீபத்துக்கு யாரோ பிடித்துக்கொண்டு போனார்கள். ஏழுமலை இல்லை. அவர் ஆட்டோ வாங்கிவிட்டார், வாசலில் நிறுத்தித் தினமும் துடைக்கிறார். யார் என்று தெரியாமல் பன்னிரண்டு நாள் தேடினேன். நீ ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்ததால் உன்னிடம் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் பழக்கடைக்குப் பின்னால் நின்றது அதுதான்.

"அங்க பாரேன்" என்று நான் சொன்னது புண்ணைப் பார்க்கச் சொல்லி இல்லை. நெற்றியைப் பார்ப்பாய் என்று நினைத்தேன். சேற்றில் முக்கி எடுத்த குதிரையைச் சுழியை வைத்துப் பெயர் சொன்ன பையன், ஒரு நிமிஷம் நின்று பார்த்தால் தெரிந்துகொள்வான் என்று காத்திருந்தேன். நீ ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கையசைத்தாய்.

யாருடையது என்று கேட்காதே என்று நான் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்காக நான் பத்து வருஷம் கத்தியிருக்கிறேன், கட்டாயம் கேள். கண்டுபிடி. வாரை மாற்றச் சொல், வாசலில் போய் நில், வெட்கப்பட வை. ஆனால் புண்ணைக் கழுவிக்கொண்டே கேள். பதில் வந்த பிறகு கழுவலாம் என்று உட்கார்ந்தால், இந்த ஊரில் பதில் எப்போது வரும் என்று உனக்கு நன்றாகத் தெரியும். உன் தாலுகாவிலும் குறி போட வேண்டும் என்று ஒருநாள் கூட்டம் போடுவார்கள். ஆளுக்கு ஒரு குறி என்று நில். அழகான குறி வேண்டாம், நம்பர் போதும் என்று சொல். முடிவு எழுதிக் கையெழுத்து ஆகிற வரைக்கும் அவர்கள் கொடுக்கும் காபியைக் குடிக்காதே.

உன் பஸ் திரும்பியதும் நான் வீட்டுக்குப் போகவில்லை. பழக்கடைக்காரரிடம் வாழைத்தார் கட்டும் கயிறு கேட்டு வாங்கினேன். அது என் குரலைக் கேட்டதும் தானாக வந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து மாட்டாஸ்பத்திரி வரைக்கும் கடைத்தெரு வழியாக, முட்டாக்குப் போடாமல், நடுரோட்டில் நடத்திக்கொண்டு போனேன். அங்கே இப்போது புது டாக்டர், உன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கும். தலையைத் தூக்காமலேயே, "யாருதும்மா?" என்றார். இந்தத் தடவை என்னுது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"என் பையனுதுங்க."

"பேரு?"

உன் பெயரைச் சொன்னேன், உன் அப்பா பெயரையும் சேர்த்து.

"அவரு வரலியா? என்ன பண்றாரு?"

"உங்க வேலதாங்க. இன்னிக்குத்தான் சேரப் போயிருக்கிறான்."

அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். உள்ளே சீழ் கட்டியிருந்தது, கீறி எடுத்துக் கட்டுப் போட்டிருக்கிறார். எலும்புக்கு ஒன்றும் இல்லை என்கிறார். இப்போது நம் வீட்டுப் பின்னால் வேப்பமரத்தில் கட்டியிருக்கிறேன். கட்டிப் பழக்கமில்லாததால் கயிற்றைக் கடித்துக்கொண்டே இருக்கிறது. உன் அப்பா புல் கொண்டுவந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கட்டுப் பிரிக்க வேண்டும். அன்றைக்குச் சொந்தக்காரர் கூட நிற்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அம்மா